புவிச்சரிதவியலாளர் குழிக்குள் இறங்க வேண்டுமா?

வாணி, ஹப்புத்தளை:
மலைநாட்டில் தொல்பொருள் அகழ்வு நடந்தால், மண்ணையும் பாறையையும் படிக்கும் புவிச்சரிதவியலாளர் முதல் நாளே குழிக்குள் நிற்க வேண்டும். மாதிரியைப் பிறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதாது. எங்கள் மண் ஓரிடத்தில் நிற்காது. அப்பா தேயிலை மலையில் தண்ணீர்க் கான் வெட்டிய காலத்தில் கண்ணால் பார்த்தது: ஒரே மழையில் மேட்டுச் செம்மண் வந்து கானை மூடிவிடும், அதற்குள் வெள்ளைக்கல் துண்டுகள் கத்தி விளிம்போடு கிடக்கும். மனிதன் உடைத்ததா, உருண்டு உடைந்ததா? கீழே கிடப்பது பழசு என்ற கணக்கு சரிந்த மண்ணில் செல்லாது.

சிவா, பதுளை:
அக்கா, நான் தொல்லியல் படிக்கிறேன். கல்லை உடைத்தது கையா என்று பார்ப்பது எங்கள் வேலை. பிறை, முக்கோணம் என்று ஒரே வடிவில் சின்னச் சின்னச் சில்லுகள் வரும், விளிம்பில் வரிசையாகத் தட்டிய வடு இருக்கும். உருளும் கல்லுக்கு அந்த ஒழுங்கு வராது. மண்ணை மட்டும் படித்து முடிவு சொன்னால் என்ன ஆகும்? ஹோர்டன் சமவெளிச் சதுப்பில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, 10,000 ஆண்டுகளுக்கும் முன்பே பார்லியும் ஓட்ஸும் பயிரிட்டிருக்கலாம் என்றார்கள். காட்டுப்புல் மகரந்தத்தையும் தானிய மகரந்தத்தையும் பிரிப்பதே கடினம். பயிரிட்டவன் அடுப்பு மூட்டிய இடத்தைக் காட்டட்டும், ஏற்கிறேன்.

வாணி:
தம்பி, அது எனக்குத்தான் சாட்சி. தொல்லியலாளரும் மண்ணைப் படிப்பவரும் தனித்தனியே போனதால் வந்த சிக்கல் அது. வடக்கே இரணைமடுச் சரளைப் படிவில் பழைய மனிதரின் கற்கருவிகளைக் கவனித்த வேலண்ட் புவிச்சரிதவியலாளர்தானே?

பெரியசாமி, பலாங்கொடை:
இரண்டு ஆள் எதற்கு பிள்ளைகளே? எங்கள் பக்கம் சமனலவெவயில் கில் ஜூலெஃப் பழைய இரும்பு உலைகளைத் தேடினார். பல உலைகள் மேற்கு பார்த்த முகடுகளில். தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. அதேபோல் உலை கட்டி இரும்பை உருக்கியும் காட்டி, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். மலையின் சரிவு, காற்று, கசடு மூன்றையும் படித்தவர் ஒரு தொல்லியலாளர்.

வாணி:
ஐயா, அவரைப் போல எத்தனை பேர்? ஒளியை வைத்துக் காலம் கணிக்கும் முறையை எடுங்கள். குழிச்சுவரில் குழாயை அடித்து, வெளிச்சம் படாமல் மணலை எடுக்க வேண்டும். புதைந்து எத்தனை காலம் என்று மணல்மணி தனக்குள் வைத்திருக்கும் கணக்கு, வெயில் பட்டால் அழிந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பையில் போன மண் எதற்கு ஆகும்?

சிவா:
அது சரி அக்கா, அதற்கு அவர்கள் அங்கே நிற்கத்தான் வேண்டும். ஆனால் குழாயை எந்த அடுக்கில் அடிப்பது என்று நாங்கள்தான் சொல்வோம். சில்லு கிடைத்த அடுக்கை விட்டுவிட்டு, மணல் நன்றாக இருக்கும் அடுக்கின் வயது எனக்கு எதற்கு?