புதுப்பிப்பு: ஃபேக்ஸில் போன டெண்டர் என்ன ஆச்சு?

போன வாரம் கேட்டிருந்தேன், நினைவிருக்கும். அமெரிக்காவில் ஒரு அரசு அலுவலகத்துக்கு 14 பக்க டெண்டரை ஃபேக்ஸில் அனுப்பினோம். அவர்கள் கைக்குப் போனது 11 பக்கம்தான். செல்லுமா என்று கேட்டதற்குப் பாதிப் பேர் "செல்லும், கவலைப்படாதே" என்றீர்கள்.

செல்லாது. நேற்று பதில் வந்துவிட்டது.

எங்கள் மெஷின் கக்கிய சீட்டில் "14 பக்கம், ஓகே" என்று தெளிவாக இருக்கிறது. அவர்கள் மெஷினில் காகிதம் தீர்ந்துபோயிருக்கிறது. விலைப்பட்டியல் 12ஆம் பக்கம்! முதல் பக்கத்தில் வைத்திருக்கலாம், யாருக்குத் தோன்றியது?

விதியை இப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். ஃபெடரல் கொள்முதல் விதிகளில் 52.214-31. டெண்டர் அறிவிப்பில் இந்தப் பிரிவைச் சேர்த்தால்தான் ஃபேக்ஸ் அனுப்பவே முடியும். எங்கள் அறிவிப்பில் இருந்தது. ஆனால் அதே பிரிவு, பக்கம் குறைந்தாலும், எழுத்து மங்கினாலும், தாமதமானாலும், வாங்கும் மெஷினே கோளாறாக இருந்தாலும் அரசு பொறுப்பில்லை என்று கைகழுவிவிடுகிறது. அவர்கள் வீட்டுக் காகிதம் தீர்ந்ததற்கும் நாம்தான் பொறுப்பு.

ஜிஏஓவில் (அரசு டெண்டர் புகார்களை விசாரிக்கும் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம்) முறையிடலாம் என்று சொன்ன நண்பருக்கு: காரணம் தெரிந்த நாளிலிருந்து 10 நாள் அவகாசம் உண்டு. வக்கீலிடம் பேசினேன். பிரிவைப் படித்துவிட்டுச் சிரித்தார். விட்டுவிட்டோம்.

அடுத்த டெண்டர் செவ்வாய்க்கிழமை. முந்தின நாளே அனுப்பி, போன் போட்டு, "எத்தனை பக்கம் வந்தது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து தெரிகிறதா?" என்று கேட்கப்போகிறேன்.