கார் ஷெட்டைப் பட்டறையாக்குகிறேன்: மெஷின் போட்டால் டிரிப் ஆகிறது, தொட்டால் சுர்ரென்கிறது

ஷெட்டுக்காரன் (கேட்டவர்)

வணக்கம். கோவையில் வீட்டை ஒட்டி 10-க்கு 17 அடியில் ஒரு கார் ஷெட் இருக்கிறது. காரை விற்றுவிட்டதால் இப்போது அங்கே ஒரு ஸ்கூட்டரும் பழைய சாமான்களும்தான். அதைச் சின்ன மரவேலைப் பட்டறையாக்கும் எண்ணம். கையில் மொத்தம் 25,000 ரூபாய் வைத்திருந்தேன். செகண்ட் ஹாண்டில் ஒரு டேபிள் சா (மேஜையில் பதித்த வட்ட ரம்பம்) வாங்கியதுபோக இன்னும் 13,000 இருக்கிறது. மெஷினில் 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 ஆர்.பி.எம்.

சிக்கல் இதுதான். சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று இரண்டு மூன்று நொடி முனகிவிட்டுத்தான் வேகம் எடுக்கிறது. வீட்டுக்குள் லைட் மங்குகிறது. சில நேரம் வீட்டு எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது, சில நேரம் விழுவதில்லை. சாயங்காலம்தான் அதிகம். செருப்பில்லாமல் நின்று மெஷின் மேஜையைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்கிறது. செருப்பு போட்டால் ஒன்றும் தெரிவதில்லை. விற்றவரைக் கேட்டால் "மோட்டார் நல்ல மோட்டார்தாங்க, உங்க வீட்டு லைன்தான் சரியில்லை" என்கிறார்.

அப்புறம் மேலே சிமெண்ட் ஷீட் கூரை, மத்தியானம் உள்ளே நிற்க முடியவில்லை. பெஞ்ச் இன்னும் செய்யவில்லை. மீதிப் பணத்தை எதில் போடலாம்?

ஒயர்மேன்

முதலில் அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். செருப்பு போட்டு வேலை செய்து கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஷெட் தரை ஈரமாக இருக்கும் ஒரு மழைநாள் போதும்.

நான்கு விவரம் வேண்டும்:
எம்.சி.பி. மேல் என்ன எழுதியிருக்கிறது? B10, C16 என்று ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும்.
வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வரும் ஒயர் எத்தனை ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ.), எத்தனை மீட்டர்?
மெஷின் பிளக்கில் மூன்று பின்னா, இரண்டா?
மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? பலர் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை அணைக்கும், 'டெஸ்ட்' பட்டன் உள்ள பெட்டி.

ஷெட்டுக்காரன்

நன்றிங்க. பார்த்துவிட்டேன். எம்.சி.பி. B10. மெயின் போர்டிலிருந்து ஹால் ஸ்விட்ச் போர்டு வரை சுமார் 20 மீட்டர், 1.5 ஸ்கொயர். அங்கிருந்து ஷெட்டுக்கு 15 மீட்டர், ஒயர் மேல் 1.0 என்று போட்டிருக்கிறது. ஷெட்டில் ஒரு டியூப் லைட், ஒரு 6 ஆம்பியர் சாக்கெட், அவ்வளவுதான். பிளக் மூன்று பின். ஆர்.சி.சி.பி. இல்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 228 வோல்ட். மோட்டார் முனகும் நேரத்தில் 185 வரை இறங்குகிறது.

சுருக்கு வழி

இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லைங்க. B10-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுங்கள், விழவே விழாது. ஷாக்குக்கு, சாக்கெட்டின் பின்பக்கம் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரில் சேர்த்துவிடுங்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அப்படித்தான் செய்து கொடுத்தார், வருஷக் கணக்காக ஓடுகிறது.

ஒயர்மேன்

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

எம்.சி.பி. இருப்பது மெஷினைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பாற்ற. 1.0 ஸ்கொயர் ஒயருக்கு முன்னால் 32 ஆம்பியர் வைத்தால் ஒயர் உருகும் வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

நியூட்ரலை எர்த்தோடு சேர்ப்பது இதைவிட மோசம். ஷெட்டுக்கு வரும் வழியில் நியூட்ரல் ஒயர் எங்காவது ஒரு ஜாயின்டில் கழன்றது என்று வையுங்கள். மோட்டார் நின்றுவிடும், ஆனால் ஃபேஸ் மோட்டார் வழியாக வந்து அந்தத் துண்டு ஒயரில் ஏறி மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஏன் நின்றது என்று பார்க்க நீங்கள் கையை வைப்பதும் அங்கேதான். வருஷக் கணக்காக ஓடுகிறது என்றால் நியூட்ரல் இன்னும் கழலவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி டிரிப் கதை. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் பக்கம் போகும். B வகை எம்.சி.பி. தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்குக்குள் எங்கேயாவது ஓரிடத்தில் உடனே விழும். B10-க்கு அது 30 முதல் 50 ஆம்பியர். உங்கள் மோட்டார் சரியாக அந்த வரம்பில் வந்து நிற்கிறது. அதனால்தான் ஒரு நாள் விழுகிறது, ஒரு நாள் விழவில்லை. C வகை 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும், மோட்டாருக்கு அதுதான்.

முனகலுக்குக் காரணம் ஒயர். 1.0 ஸ்கொயர் செம்பு கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம். உங்கள் 15 மீட்டர், போக வர 30 மீட்டர், அரை ஓம் ஆயிற்று. 1.5 ஸ்கொயர் கிலோமீட்டருக்கு 12 ஓம், போக வர 40 மீட்டர், அதுவும் கிட்டத்தட்ட அரை ஓம். சர்வீஸ் ஒயர், ஜாயின்ட் எல்லாம் சேர்த்து 1.2 ஓம் என்று வையுங்கள். 35 ஆம்பியர் போனால் 42 வோல்ட் வழியிலேயே காலி. நீங்கள் அளந்ததும் 43 வோல்ட் இறக்கம்தான். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230-க்குப் பதில் 185 கிடைத்தால் இழுவை 65 சதவீதம்தான். அந்த வலுவில் பிளேடைச் சுற்ற அது முனகத்தான் செய்யும். சாயங்காலம் தெரு முழுக்க லோடு ஏறும்போது லைன் வோல்டேஜே இறங்கியிருக்கும், அதனால் இன்னும் மோசம்.

காயில்கடை

ஒயர்மேன் கணக்கு சரி. ஆனால் மோட்டாரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இது கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாராக இருந்தால் வேகம் ஏறியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சுற்றும் வேகத்தில் இயங்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் விலகி, கிளம்ப மட்டும் உதவும் ஸ்டார்ட் காயிலைக் கழற்றிவிடும் சத்தம் அது. அணைத்தபின் வேகம் குறையும்போது மறுபடி ஒரு 'டக்'. உங்களுக்கு அது கேட்கிறதா? கேட்கவே இல்லை என்றால் சுவிட்சில் மரத்தூள் அடைத்திருக்கிறது. ஸ்டார்ட் காயில் ஓரிரு நொடிக்கு மேல் லைனில் நிற்கக் கட்டிய சாமான் இல்லை, கருகிவிடும். மரவேலை மெஷினிலிருந்து எங்கள் கடைக்கு வரும் மோட்டார்களில் பாதிக்கு மேல் இந்தத் தூள் கேஸ்தான். கிரைண்டர், பம்ப் மோட்டாரில் இந்தத் தொல்லை குறைவு.

சுர்ரென்பதற்கும் தூள் காரணமாக இருக்கலாம். ஈரம் குடித்த தூள் டெர்மினல் பெட்டியில் படிந்தால் அதன் வழியாகவே உடம்புக்குக் கசியும். காயில் கட்டும் கடை எதிலாவது கொடுத்து 500 வோல்ட் மெக்கர் (கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) போடச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கழற்றிச் சுத்தம் செய்து, காயவைத்து, வார்னிஷ் அடிக்க வேண்டும். கோவையில் இதற்கு அலைய வேண்டியதே இல்லை, தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது.

ஷெட்டுக்காரன்

'டக்' கேட்கிறதுங்க, ஆனால் தாமதமாக. முனகல் முடிந்து வேகம் பிடித்த பிறகுதான் வருகிறது. எர்த் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டெஸ்டர் வைத்தால் மெஷின் உடம்பில் லேசாக எரிகிறது.

ஒயர்மேன்

அப்படியானால் சுவிட்ச் வேலை செய்கிறது. வோல்டேஜ் கிடைத்தால் நேரத்துக்கு விலகும்.

டெஸ்டரை நம்பி எதையும் முடிவு கட்ட வேண்டாம். எர்த் இல்லாத இரும்பில் பக்கத்து ஒயரின் தூண்டலுக்கே அது எரியும். டெஸ்ட் லேம்ப்தான் சரி. 100 வாட் குண்டு பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர். சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே முதலில் வையுங்கள், பளிச்சென்று எரியும். பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும். அதே வெளிச்சம் என்றால் எர்த் வேலை செய்கிறது. மங்கினால் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது, அல்லது ஜாயின்ட் லூஸ். எரியவே இல்லை என்றால் ஒயரே வந்து சேரவில்லை.

இதில் ஒரு ஆபத்து உண்டு. எர்த் எங்கோ அறுந்திருந்தால், நீங்கள் பல்பு வைக்கும் நேரத்தில் அந்த அறுந்த ஒயரோடு சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலெல்லாம் பல்பு வழியாகக் கரண்ட் ஏறும். வீட்டில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, யாரும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மரத்தூள்

கரண்ட் கதையை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்றதற்கு நான் சொல்கிறேன்.

சிமெண்ட் ஷீட் என்றால் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான். லைட் மாட்ட, ஃபேன் மாட்ட என்று அதில் துளை போடாதீர்கள், கிரைண்டரால் வெட்டவே கூடாது. அந்த நார்த்தூள் நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. எதை மாட்டுவதானாலும் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். வெயிலுக்கு, ஷீட்டின் மேல்பக்கம் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடியுங்கள். செலவு குறைவு, வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது, உடைந்து உள்ளே போய்விடுவீர்கள். பழைய ஷீட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

பெஞ்சுக்குப் புது மரம் வாங்காதீர்கள். இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் பழைய நிலைக்கால் கிடைக்கும், 4-க்கு 3 அங்குலம். அதில் நான்கு கால். மேலே பழைய கதவுப் பலகை, அல்லது 19 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. நின்றுகொண்டு கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் பெஞ்ச் உயரம். கார் ஷெட் தரை தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிந்திருக்கும். நான்கு காலையும் ஒரே அளவில் அறுத்துவிட்டால் பெஞ்ச் மேல் வைத்த பென்சில் உருண்டு ஓடும். நிறுத்த வேண்டிய இடத்திலேயே நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வாசல் பக்கக் காலை மட்டும் நீளமாக விடுங்கள். காலுக்கு அடியில் ஒரு கல் துண்டு கொடுங்கள், கரையானுக்கு.

பேக்கிங் பெட்டி மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் முத்திரையைப் பாருங்கள். HT என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பரவாயில்லை. MB என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள்.

ஸ்கூட்டரை வெளியே நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவியும் தீப்பொறியும் ஒரே அறையில் வேண்டாம்.

ஒயர்மேன்

13,000-ஐ எதில் போடலாம் என்றால், முதல் செலவு ஒயரிங் என்றுதான் சொல்வேன். மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்கு நேராக ஒரு தனி லைன். 4 ஸ்கொயர் செம்பு, கடையில் 7/20 என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கூடவே பச்சை எர்த் ஒயர். மெயின் போர்டில் C16 எம்.சி.பி., அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஷெட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் இரண்டு. லைட்டைப் பழைய லைனிலேயே விடுங்கள். மெஷின் லைன் விழுந்தால் பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் இருட்டில் நிற்கக் கூடாது. ஒயரை மீட்டர் கணக்கில் வாங்குங்கள், முழு காயில் வேண்டாம். ஆர்.சி.சி.பி.யில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஷெட்டுக்காரன்

வேலை முடிந்தது, அதனால் எழுதுகிறேன். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து டெஸ்ட் லேம்ப் பார்த்தோம். ஷெட் சாக்கெட்டில் ஃபேஸ்-எர்த்துக்கு பல்பு துளிகூட எரியவில்லை. ஹால் போர்டைக் கழற்றினால் பச்சை ஒயர் அங்கேயே சுருட்டி, டேப் சுற்றி, பெட்டிக்குள் திணித்திருந்தது. ஷெட்டுக்கு இரண்டே ஒயர்தான் இழுத்திருக்கிறார்கள். சாக்கெட்டில் மூன்று ஓட்டை, மூன்றாவது வெறும் ஓட்டை. ஹால் போர்டிலேயே அந்தப் பச்சை ஒயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது, ஆக வீட்டு எர்த் நன்றாகத்தான் இருக்கிறது.

புது லைன் நீங்கள் சொன்னபடியே 4 ஸ்கொயர், 25 மீட்டர் வந்தது. மெஷினை மாட்டிப் போட்டதும் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தது. கழற்றிக் காயில் கடைக்குக் கொண்டுபோனேன். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஈரத் தூள் அடை மாதிரி அப்பியிருந்தது. மெக்கரில் கால் மெகா ஓம்கூட இல்லை. சுத்தம் செய்து, சூடேற்றி, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள். இப்போது ஆர்.சி.சி.பி. விழுவதில்லை, 'டக்' ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது. மீட்டரில் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டனைப் போட்டுப் பார்த்தேன், 213-க்குக் கீழே போகவில்லை.

எல்லாம் போகக் கையில் கொஞ்சம்தான் மிச்சம். பெஞ்சுக்கு வேங்கை நிலைக்கால் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டேபிள் சாவிலேயே அறுத்துக்கொள்ளலாமா?

காயில்கடை

தூள் திரும்பப் போகாமல் டெர்மினல் பெட்டி மூடிக்கு ஒரு ரப்பர் கேஸ்கெட் வெட்டிப் போடுங்கள். சைக்கிள் ட்யூப் போதும். ஆனால் மோட்டாரின் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை ப்ளோயர் பிடித்தால் சரி.

மரத்தூள்

அறுக்கலாம், ஆணி இருக்கிறதா என்று பார்த்த பிறகு. பழைய நிலையில் கீல் திருகு, கொக்கி ஆணி, தோரணம் கட்டிய சின்ன ஆணி எல்லாம் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி நான்கு பக்கமும் மெதுவாக ஓட்டுங்கள், எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸ் வட்டம். ஒரு ஆணி போதும், பிளேடின் கார்பைடு பல் பறந்துவிடும். பெயிண்டைச் சுரண்டும்போது மாஸ்க் போடுங்கள், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வேங்கை கனமான மரம், 1 எச்.பி. மோட்டாருக்கு ஒரே வெட்டில் 3 அங்குலம் அதிகம். பாதி ஆழம் ஒரு பக்கம், திருப்பிப் போட்டு மறுபாதி.