இன்குவிசிட்டோரியல்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். சட்டக் கல்லூரி முதலாண்டுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரு தரப்பு வக்கீல்களும் வாதாட நீதிபதி கேட்டுத் தீர்ப்பளிக்கும் அட்வர்சேரியல் என்பதற்கு 'எதிர்வாத முறை' என்று எழுதிவிட்டேன். பிரான்சில் பெரிய குற்றங்களில் விசாரணை நீதிபதியே சான்று தேடுகிறார். சந்தேக நபருக்குப் பாதகமானதோடு சாதகமானதையும் திரட்டுகிறார். இந்த இன்குவிசிட்டோரியல் முறையை எப்படிச் சொல்வது? 'விசாரணை முறை' உதவாது. போலீஸ் செய்வது புலன் விசாரணை, கோர்ட்டில் நடப்பது விசாரணை, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது குறுக்கு விசாரணை. மாணவர் எதை எதிலிருந்து பிரிப்பார்?

---

விசாரணையே வடசொல். நம்மிடம் ஆராய்தல் என்ற பொருளில் 'தேர்தல்' இருக்கிறது. கண்ணகி பாண்டியனைத் 'தேரா மன்னா' என்றது, அவன் ஆராயாமல் தண்டித்ததற்காக. 'தேர்ந்துசெய் வஃதே முறை' என்பது குறள். இரண்டு சொல்லும் அங்கேயே இருக்கின்றன: 'தேர்முறை'. தெரி, தெளி, தெருள், தேறு எல்லாமே இதன் உறவுச் சொற்கள்தான். கலங்கியது தெளிவதே இவற்றின் அடிப்படைப் பொருள் என்பேன்.

---

ஐயா, வேர் சரி. ஆனால் தேர்தல் இன்று வாக்குச்சாவடிக்குப் போய்விட்டது. அதோடு, எதிர்வாத முறையிலும் நீதிபதி தேர்ந்துதான் தீர்ப்பளிக்கிறார். கேள்வியை யார் நடத்துகிறார் என்பதில்தான் வேறுபாடு. நம் 1872 சாட்சியச் சட்டத்தின் 165ஆம் பிரிவே எந்தச் சாட்சியையும் எப்போதும் கேட்க நீதிபதிக்கு அதிகாரம் தந்தது. ஆனாலும் வழக்கை நடத்துபவர்கள் வக்கீல்களே. இன்குவிசிட்டோரியல் முறையின் நல்ல கூறுகளை எடுத்துக்கொள்ளலாம் என்று குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மாலிமத் குழு 2003இல் பரிந்துரைத்தது. என் முன்மொழிவு: 'நீதிபதிவழி விசாரணை முறை'.

---

ஒரு எச்சரிக்கை. கோவாவில் 1560 முதல் 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, இருந்த மத விசாரணை மன்றத்தின் (இன்குவிசிஷன்) நிழல் இன்குவிசிட்டோரியல் என்ற சொல்மேல் உண்டு. பத்திரிகையில் ஒருவரின் பேச்சை இப்படி வர்ணித்தால் 'துருவித் துருவிக் கேட்கும்' என்றே பெயர்க்கவேண்டும். பாடநூலில் அந்த வாடை வேண்டாம்.

---

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை, பலருக்கும் ஒப்புதல் என்பதால் 'நீதிபதிவழி விசாரணை முறை' என்றே அனுப்புகிறேன். தேர்முறையை அடிக்குறிப்பில் தருகிறேன்.

---

அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் அம்மா. அது கிடக்கட்டும். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு விசாரணைகள் சட்டப்படி அமையும் பொது விசாரணையும் இன்குவிசிட்டோரியல்தான். தலைவர் நீதிபதியாக இருக்கவேண்டும் என்றில்லை. அதற்கு மாணவர் என்ன எழுதுவார்?