உறைபனிக் காலையில் ஜீப் ஸ்டார்ட் ஆவதில்லை, ஒரு டயரில் மட்டும் காற்று இறங்குகிறது: உதவி தேவை

தலைகுந்தா_ஜீப்:
வணக்கம். அப்பாவின் பழைய டீசல் ஜீப். 6.00-16 டயர், ட்யூப் போட்டது. முழங்கால் அறுவை முடிந்து அப்பா இரண்டு மாதமாகக் கோவையில் அத்தை வீட்டில் இருக்கிறார். தினமும் கேரட் மூட்டையோடு ஓடிய வண்டி இப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான் வெளியே போகிறது. அதிலிருந்துதான் தொல்லை.

உறைபனி விழுந்த காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறினால் முக்கி முனகிக் கிளம்பும். பேட்டரி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. காலையில் மீட்டர் வைத்தால் 12.1 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 8.4க்கு இறங்குகிறது.

அப்புறம், இடது பின் டயரில் வாரத்துக்கு ஆறேழு பவுண்ட் காற்று குறைகிறது. பஞ்சர் கடையில் இரண்டு முறை ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், ஓட்டை இல்லை. கிளம்பியதும் முதல் இரண்டு கிலோமீட்டர் ‘தடக் தடக்’ என்று அடிக்கிறது, பிறகு தானாக நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் அப்பாவை அழைத்து வர இறங்க வேண்டும். இந்த டயரை நம்பி மலை இறங்கப் பயமாக இருக்கிறது.

குந்தா_பிக்கப்:
தம்பி, முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதுதான் காரணம். பேட்டரியில் கொஞ்சம் ஆசிட் ஊற்றினாலும் சூடு பிடிக்கும், நான் அப்படித்தான் செய்வேன்.

வெலிங்டன்_ஓய்வு:
ஆசிட் மட்டும் வேண்டாம் தம்பி. பேட்டரியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. மேலும் ஆசிட் ஊற்றினால் தகடு அரித்துப் போகும். சார்ஜ் ஏற்றி முடித்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஓடைத் தண்ணீரும் ஆகாது, குழாய்த் தண்ணீரும் ஆகாது.

நான் 22 வருஷம் விமானப்படையில் தரைப்பணி, அப்புறம் ஒரு பயிற்சிப் பள்ளியில் செஸ்னா விமானங்களைப் பார்த்துக்கொண்டேன். சின்ன விமானமும் உங்கள் ஜீப்பும் ஒரே மாதிரிதான் கெடும்: ஓடி அல்ல, நின்று. மாஸ்டர் ஸ்விட்சை அணைக்க மறந்து போய், மறுநாள் பேட்டரி செத்துக் கிடந்த விமானங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் காட்டும். 12.1 என்றால் கிட்டத்தட்ட பாதி. உறைநிலைக் குளிரில் முழு பேட்டரிக்கே இழுக்கும் வலு மூன்றில் ஒரு பங்கு குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிவிடும். பாதி பேட்டரி என்ன செய்யும்? செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது.

ஏன் பாதியானது என்று கண்டுபிடியுங்கள். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் இணையுங்கள். அப்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஏதோ ஒன்று கள்ளத்தனமாகக் குடிக்கிறது. சார்ஜ் போடும்போது பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது, ஹைட்ரஜன் வரும்.

‘தடக் தடக்’ பெரிய விஷயமில்லை. ஒரே இடத்தில் நின்றதால் டயர் தரை பட்ட பக்கம் தட்டையாகியிருக்கிறது, சூடேறினால் உருண்டை திரும்பும். நிற்கும் விமானத்தையும் அதற்காகத்தான் அவ்வப்போது கொஞ்சம் தள்ளி நிறுத்துவோம்.

என் கவலை அந்தக் காற்றில்தான். ட்யூபைக் கழற்றாமல், சக்கரத்தில் இருக்கும்போதே வால்வு ரிம் துளையில் நேராக நிற்கிறதா பாருங்கள்.

தலைகுந்தா_ஜீப்:
ஐயா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து துளையின் விளிம்பில் அழுந்தி நிற்கிறது. மற்ற மூன்றும் நேராக இருக்கின்றன. சோப்புத் தண்ணீர் தடவினால் வால்வின் அடியில் கடுகு கடுகாக நுரை கிளம்புகிறது!

மீட்டரில் 0.15 ஆம்பியர். பாட்டுப் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.02.

வெலிங்டன்_ஓய்வு:
இரண்டும் கிடைத்துவிட்டது. 0.15 என்றால் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-அவர். பத்து நாளில் 36. உங்களுடையது 75 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் கிட்டத்தட்டப் பாதி. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி பாட்டுப் பெட்டியின் வயரை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

காற்று குறைந்த டயரோடு பிரேக் பிடித்து இறங்கியதில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்திருக்கிறது. அதோடு ட்யூபும் போய், வால்வை இழுத்திருக்கிறது. கழற்றினால் வால்வு நிமிர்ந்து கசிவு மூடிக்கொள்ளும், அதனால்தான் பஞ்சர் கடையில் தெரியவில்லை. ஒரு நாள் வால்வு அடியோடு அறுந்தால் காற்று மொத்தமாகப் போகும். புது ட்யூப் போடாமல் இறங்காதீர்கள். ரிம்மில் துரு இருந்தால் தேய்த்து எடுங்கள்.

விமானத்தில் இதற்காகவே டயரிலிருந்து ரிம் வரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு வைப்போம். இறங்கும்போது டயர் நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

கோத்தகிரி_வாசகர்:
இடையில் ஒரு கேள்வி ஐயா. மேட்டுப்பாளையத்தில் 30 பவுண்ட் வைத்து ஊட்டி ஏறினால், உயரத்தால் காற்று அதிகம் காட்டுமா?

வெலிங்டன்_ஓய்வு:
ஊட்டி 2,240 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் மட்டும் மூன்று பவுண்ட் போலக் கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிர். 3 டிகிரி குறைந்தால் டயர் காற்று சுமார் ஒரு சதவீதம் குறையும். இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிடும். உறைபனிக் காலையில் இன்னும் இரண்டு பவுண்ட் இறங்கியிருக்கும். ஆகவே ஓடும் ஊரில், வண்டி இரண்டு மூன்று மணி நேரம் நின்று ஆறிய பிறகு பாருங்கள். செஸ்னா 172 பழைய மாடல் ஒன்றில் பின் சக்கரத்துக்கு 29 பவுண்டுதான். அதில் மூன்று குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

தலைகுந்தா_ஜீப்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். புது ட்யூப் போட்டாயிற்று. ஒரு இரவு முழுக்க சார்ஜ் போட்டேன். இன்று காலை புல்லெல்லாம் வெள்ளை, கண்ணாடியில் பனியைச் சுரண்ட வேண்டியிருந்தது. மீட்டரில் 12.6. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நன்றி ஐயா.

குந்தா_பிக்கப்:
நானும் இனி ஆசிட் ஊற்றவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு எந்தப் பெயின்ட் தம்பி?

தலைகுந்தா_ஜீப்:
தங்கச்சியின் நகப்பூச்சு அண்ணே. நான்கு சக்கரத்திலும் போட்டுவிட்டேன். ஊட்டி வரை போய் வந்தும் கோடு அப்படியே நிற்கிறது. நாளை அப்பாவை அழைத்து வரக் கிளம்புகிறேன்.