கொசுவின் நோய் எதிர்ப்பு பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ விலங்கியல் எடுக்கிறேன். டெங்கு பற்றிப் பேசும்போது ஒரு மாணவி, "சார், அந்த வைரஸ் கொசுவை ஒன்னும் பண்ணாதா?" என்று கேட்டாள். அருமையான கேள்வி! ஒரு வகுப்பு முழுக்க இதற்கே ஒதுக்கப் போகிறேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு நம்மைப்போல ஆன்டிபாடி கிடையாது. வைரஸ் செல்லுக்குள் பெருகும்போது அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. இரட்டை இழையாக உண்டாகிறது. டைசர்-2 என்ற நொதி அதை 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டை அடையாளமாக வைத்து, ஆர்கோநாட்-2 புரதம் மற்ற வைரஸ் ஆர்.என்.ஏ.க்களைத் தேடிப்பிடித்து வெட்டும். ஆனாலும் வைரஸ் முழுசாக அழிவதில்லை, அடங்கிக் கிடக்கும். குடலைத் தாண்டி எச்சில் சுரப்பிக்குப் போய்விட்டால், கொசு சாகும்வரை கடியில் பரவும்.

இந்த நறுக்கலைக் காட்டும் தமிழ் விளக்கப்படமோ அனிமேஷனோ இருந்தால் அனுப்புங்கள். கொசுவின் நடுக்குடல், எச்சில் சுரப்பி மைக்ராஸ்கோப் படங்களும் வேண்டும். புதுச்சேரி ஐ.சி.எம்.ஆர். மையம் உருவாக்கிய வோல்பாக்கியா கொசுக்களைப் (டெங்கு வைரஸைக் கட்டுப்படுத்தும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை உடலில் கொண்டவை) பற்றியும் சொல்ல ஆசை. பூச்சியியல் ஆய்வில் இருப்பவர்கள் யாராவது ஆன்லைனில் அரைமணி நேரம் பிள்ளைகளோடு பேச முடியுமா? தமிழில் பேசினால் ரொம்ப நல்லது.