இணையமே இல்லாத நெட்வொர்க்கில் புள்ளி ஸோன் எதற்கு?

போர்ட்53:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "வெளியே லைனே இல்லாத நெட்வொர்க்குக்கு டிஎன்எஸ் எதற்கு? ஹோஸ்ட்ஸ் ஃபைலை எல்லா மெஷினிலும் காப்பி பண்ணினால் போதும்." அதற்கு லைக் வேறு குவிகிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாப் பெயருக்கும் ஐபி எழுதிய ஒரே ஹோஸ்ட்ஸ் ஃபைலை எல்லோரும் இழுத்து இழுத்துத் தாங்காமல்தான் 1983-ல் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இவர் நம்மை அதற்கும் முன்னால் கூட்டிப்போகிறார். உள்ளே ஒரு பைண்ட் (டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்) வையுங்கள். அதில் புள்ளி ஸோனை, அதாவது எல்லாப் பெயர்த் தேடலும் தொடங்கும் ரூட் பட்டியலையே, நீங்களே ஏற்றுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஹோஸ்ட்ஸ்காரன்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். என் லைனில் இருப்பது மெஷினை ஓட்டும் சில பிஎல்சி, ஆபரேட்டர் பார்க்கும் ரெண்டு எச்எம்ஐ திரை, டேட்டா சேமிக்கும் ஒரு ஹிஸ்டோரியன் சர்வர். ஐபி மாறுவதே இல்லை. இதற்கு பைண்ட் ஏற்றி, அதற்கு பேட்ச் தேடி அலைய எனக்கு வேறு வேலை இல்லையா?

ஈரோட்டு_அட்மின்:
ஹோஸ்ட்ஸ் சண்டையை விடுங்கள். புள்ளி ஸோன் எதற்கு சார்? பைண்டில் 'ரிகர்ஷன் நோ', அதாவது தன்னிடம் இல்லாத பெயரை வெளியே தேடிப் போகாதே என்று ஒரு வரி போதுமே. வெளிப்பெயர் எதைக் கேட்டாலும் உடனே ரெஃப்யூஸ்டு (மறுப்பு) என்று வந்துவிடும்.

போர்ட்53:
ரெஃப்யூஸ்டு ஒரு பதிலா? "அந்தப் பெயரே இல்லை" என்பதுதான் பதில், அதை என்எக்ஸ்டொமைன் என்போம். ரிகர்ஷனை விட்டுவைத்தாலோ, பைண்டுக்குள் 13 ரூட் சர்வர்களின் முகவரி முன்பே இருக்கிறது. வெளியே கேபிள் இல்லை என்று அதற்கு யார் சொல்வது? ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் மெஷின் 5 செகண்ட் பார்க்கும், திரும்பக் கேட்கும், திரும்ப 5 செகண்ட். உங்கள் ஆபரேட்டர் எஸ்எஸ்ஹெச் (ரிமோட் லாகின்) அடித்துவிட்டு டீ குடிக்கப் போவது இதனால்தான். புள்ளி ஸோன் இருந்தால் அந்த நொடியே "இல்லை" என்று வந்துவிடும்.

ஈரோட்டு_அட்மின்:
10, 192.168 என்று தொடங்கும் உள் ஐபி இரண்டுக்கும் ரிவர்ஸ் ஸோனை (ஐபியிலிருந்து பெயர் சொல்லும் பட்டியலை) இப்போதைய பைண்ட் காலியாகவே வைத்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச் சர்வர் தேடுவது வந்தவரின் ஐபிக்கான பெயரை, அது இதில் தொங்காது. உதாரணம் சொன்னால் சரியானதாகச் சொல்லுங்கள்.

போர்ட்53:
எத்தனை ஆலையில் யாரோ ஒருவருடைய பப்ளிக் ஐபியை உள்ளே ஓட்டுகிறார்கள் என்று தெரியுமா? அதற்கு எந்தக் காலி ஸோன் இருக்கிறது? புள்ளி ஸோன் போடுங்கள்.

பழைய_சர்வர்:
தம்பிகளா, விண்டோஸ் 2000 காலத்தில் டொமைன் கன்ட்ரோலர் (நெட்வொர்க்கின் லாகின் சர்வர்) ஏற்றும்போது இணையம் எட்டவில்லை என்றால் இந்தப் புள்ளி ஸோனை அதுவே உருவாக்கிவிடும். பிறகு லைன் வந்த அன்று பார்த்தால், கேள்வியை வெளி டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும் ஃபார்வர்டர் பெட்டி சாம்பல் நிறத்தில் கிடக்கும், கிளிக்கே ஆகாது. அந்தப் புள்ளியை அழிப்பதற்கென்றே எங்களைக் கூப்பிடுவார்கள்.

போர்ட்53:
லைன் வரப்போகிற நெட்வொர்க்கைப் பற்றி இங்கே யார் பேசினார்கள் ஐயா?

லேப்_தமிழினி:
ஒரு சந்தேகம். முழுக்கத் துண்டித்ததைச் சொல்கிறீர்களா, ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பதையா? எங்கள் கிளையில் ஸோனின் நகலை வைத்திருக்கும் செகண்டரி சர்வர் மட்டும் இருக்கிறது. அசலை வைத்திருக்கும் பிரைமரியோடு லிங்க் போனது. ஒரு வாரம் எல்லாம் ஓடியது. அப்புறம் ஒரே நேரத்தில் எந்தப் பெயரும் கிடைக்கவில்லை, எல்லாம் சர்வ்ஃபெயில் (சர்வரால் பதில் தர முடியவில்லை).

போர்ட்53:
புள்ளி ஸோன் போட்டீர்களா?

பழைய_சர்வர்:
அதற்கும் புள்ளிதானா! பல்வலி என்றாலும் அதைத்தான் சொல்வீர்கள் போல. அம்மா, உங்கள் ஸோனின் தலைப்பு ரெக்கார்டான எஸ்ஓஏவில் எக்ஸ்பயர் 604800 செகண்ட் என்று இருக்கும், பாருங்கள். ஏழு நாள். அதுவரை பிரைமரியை எட்ட முடியாவிட்டால் செகண்டரி அந்த ஸோனையே கைவிட்டுவிடும். 2419200 ஆக்குங்கள், நான்கு வாரம் தாங்கும். அறுந்தே கிடக்கும் லிங்க் என்றால் அங்கேயே ஒரு பிரைமரி வைத்துவிடுங்கள்.

நெட்_குமரன்:
எல்லோரும் இதைப் பேசுகிறீர்கள், டொமைனுக்கு .லோக்கல் என்று வைக்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. 2013-லேயே அது, சர்வர் இல்லாமல் பக்கத்து மெஷின்களையே கேட்கும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்குப் போய்விட்டது. பல லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கேள்வி உங்கள் சர்வருக்கே வராது. .இன்டர்னல் என்று, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 2024-ல் உள் நெட்வொர்க்குகளுக்கென்றே தனியாக ஒதுக்கியே கொடுத்துவிட்டது.

ஹோஸ்ட்ஸ்காரன்:
என் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் .லோக்கலும் ஓடும், .இட்லியும் ஓடும்.

நெட்_குமரன்:
போன வருடம் விலான் (ஒரே சுவிட்சில் நெட்வொர்க்கைப் பிரிப்பது) இழையிலும் இப்படித்தான் எகத்தாளம் பேசினீர்கள். அங்கே என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹோஸ்ட்ஸ்காரன்:
என்ன ஆனது? சொல்லுங்களேன் பார்ப்போம். சுவிட்ச் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈரோட்டு_அட்மின்:
போர்ட்53 சார் சொல்லாமல் விட்டது ஒன்று. உள்ளே வேறு சர்வர்களுக்கு ஸோன்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள், மேலே சொந்த ரூட், பதில்களின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் வேலிடேஷன் ஆட்டோவில். பைண்டிடம் இருப்பது நிஜ ரூட்டின் சாவி. உங்கள் வீட்டு ரூட் அதற்குப் பொருந்துமா? கீழே இருக்கும் அத்தனையும் சர்வ்ஃபெயில். இந்தப் புள்ளியால் எரிந்த சர்வர் ஒன்றை நான்தான் போய் எழுப்பினேன்.

போர்ட்53:
வேலிடேஷனை அணைக்கத் தெரியாதவர் பைண்டைத் தொடலாமா? சரி, சொந்தமாகச் சாவி போட்டு ரூட்டில் கையெழுத்திடுங்கள், அந்தச் சாவியை ட்ரஸ்ட் ஆங்கராக (பைண்ட் நம்பும் சாவியாக) வையுங்கள். கையெழுத்துக்குக் காலக்கெடு உண்டு, அதனால் கடிகாரம் ஓடிவிடாமல் உள்ளேயே ஒரு என்டிபி நேர சர்வர். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. உங்கள் 'ரிகர்ஷன் நோ'வில் நீங்கள் சொன்ன அந்தப் பிரித்துக் கொடுத்த ஸோன்களை யார் போய்த் தேடுவது? அதற்குப் பதில் வரவே இல்லையே.

ஈரோட்டு_அட்மின்:
ஒவ்வொன்றையும் செகண்டரியாக இழுத்துக்கொள்வேன்.

போர்ட்53:
இழுங்கள். லிங்க் போனால் ஏழு நாள், அப்புறம் தமிழினி கதைதான். உங்கள் லாகைப் போடுங்கள், எது எரிந்தது என்று நானே பார்க்கிறேன்.

ஈரோட்டு_அட்மின்:
லாகை வெளியே கொண்டுவர முடிந்தால் அது என்ன தனி நெட்வொர்க்?

போர்ட்53:
ஃபோனில் படம் எடுங்கள்.

ஈரோட்டு_அட்மின்:
ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

போர்ட்53:
அப்படியென்றால் டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் 'டிக்' கமாண்டை அடித்து, ஸ்டேட்டஸ் வரியை மட்டும் பேப்பரில் எழுதிக்கொண்டு வாருங்கள். ரெஃப்யூஸ்டு என்றுதான் இருக்கும்.