பதிவு செய்த பின்னும் நிற்காத விளம்பர அழைப்புகள்: என்ன செய்யலாம்?

மாடிவீட்டுக்காரன் (கேள்வி):
என் அம்மாவுக்கு வயது 74. பிற்பகலில் அவர் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான், கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று அழைப்பு வருகிறது. வெளியூரில் இருக்கும் தங்கைதானோ என்று பதறி எழுந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எடுத்தால், யாரோ ஒருவர் வட்டி விகிதம் சொல்கிறார். விளம்பரங்கள் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குறுஞ்செய்திகளின் நிலை இன்னும் மோசம். ஓய்வூதியம் வரவான செய்தி துணிக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவே புதைந்துவிடுகிறது. எண்ணை மாற்றாமல் இதற்கு வழி உண்டா?

தந்திமரம்:
ஐயா, எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு 0 சேர்த்து அனுப்பினால்தான் எல்லா வகையும் அடைபடும். 1 என்று அனுப்பியிருந்தால் வங்கி, காப்பீடு, கடன் அட்டை மட்டுமே நிற்கும். மனை விற்பவர் 2-ஆம் எண்ணுக்குரியவர்.

ஆனால் இந்தப் பதிவு கட்டுப்படுத்துவது, முறைப்படி பதிந்துகொண்டு 140 எனத் தொடங்கும் எண்களிலிருந்து அழைப்பவர்களைத்தான். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிடுகிறவர்கள் அந்தப் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்குப் புகார்தான் மருந்து. 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளைத் திருத்திய பின், அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம். முன்பு 3 நாட்களே இருந்தன. ஒருவர் மீது 7 நாட்களில் 10 புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை என்றிருந்ததும், 10 நாட்களில் 5 என்று குறைந்திருக்கிறது. பிளாக் செய்வதோடு நிறுத்திக்கொண்டால், அவர் அடுத்த வீட்டு அம்மாவை எழுப்பப் போய்விடுவார். டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதீர்) செயலியில் அந்த அழைப்பைத் தேர்ந்தெடுத்தே புகாரை அனுப்பிவிடலாம்.

கல்லாப்பெட்டி:
நான் சில காலம் கடை நடத்தியவன் என்பதால் சொல்கிறேன்: துணிக்கடைச் செய்திகளுக்கான கதவைப் பெரும்பாலும் நாமேதான் திறந்துவிடுகிறோம். பில் போடும்போது எண்ணைச் சொல்கிறோம், உறுப்பினர் அட்டைப் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். அதுவே சம்மதம் ஆகிவிடுகிறது. எண் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

குறுஞ்செய்திகளில் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கில பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. பி-யில் முடிபவற்றின் ஒலியை நிறுத்தி வைத்தால் ஓய்வூதியச் செய்தி கண்ணில் படும். வாட்ஸப் விளம்பரங்கள் இந்த விதிகளுக்குள் வருவதில்லை. அங்கே அந்தந்தக் கணக்கைத் தடுக்க வேண்டியதுதான்.

மாடிவீட்டுக்காரன்:
இருவருக்கும் நன்றி. தந்திமரம் சந்தேகப்பட்டபடியே 1 மட்டும்தான் பதிவாகியிருந்தது, மாற்றிவிட்டேன். கடன் வேண்டுமா என்று அழைத்த இருவர் மீது புகாரும் அனுப்பியாயிற்று. நேற்று ஒரு கடையில் எண் தர மறுத்தேன். எண் இல்லாமல் பில் வராது என்றார் கல்லாவில் இருந்த பெண். பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்துவிட்டு, அவரே 9-ஐப் பத்து முறை தட்டினார். பில் வந்தது.